ஐந்து பத்துக் காபி

"சரியா அஞ்சு பத்துக்குக் காபி குடிச்சா, டாக்டர்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று டைம் கீப்பருக்கு உறைத்தது. எதிரில் நின்ற மயக்க மருந்து டாக்டரின் பேனா காகிதத்தின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

"யாரு? உங்க மனைவியா?"

"ஆமா."

"இன்னைக்குக் காலையிலயா?"

இல்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் பேருந்துப் பணிமனை வாசலில் இருபத்தெட்டு வருடமாக உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று எழுதிக்கொண்டிருக்கிற மனிதர் அவர். ஒரே ஒரு நிமிடத்துக்காக ஓட்டுநர்கள் அவரிடம் கெஞ்சியிருக்கிறார்கள், கிடைத்ததில்லை. நேர விஷயத்தில் பொய் சொல்ல அவருக்கு நாக்கு வளையாது.

"இன்னைக்குத்தான்," என்றார். குரல் பாதியாகியிருந்தது. "பால் காபி."

மனைவிக்குப் பித்தப்பையில் கற்கள். எட்டு மணிக்கு ஆபரேஷன். அப்போது மணி ஏழு இருபது. வலி வந்தால் அவள் சமையலறைத் தரையில் சுருண்டு படுத்துக்கொள்வாள். யாராவது எட்டிப் பார்த்தால் "தரை குளுகுளுன்னு இருக்கு" என்பாள். இந்த ஆபரேஷன் ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போனது. ஒருமுறை மகன் கல்யாணத்துக்காக, இன்னொரு முறை அவள் தம்பி காலை உடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து படுத்ததற்காக. இரண்டு முறையும் தள்ளிப்போட்டது அவளேதான். மூன்றாவது முறையாவது நடக்க வேண்டும் என்று டைம் கீப்பர் ஒரு மாதமாக நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார். இப்போது தன் வாயாலேயே அதற்கு வேட்டு வைத்துவிட்டார்.

"ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டதுதான் கடைசின்னு உள்ள அவங்க சொன்னாங்களே," என்றார் டாக்டர். சின்ன உருவம். காலில் ஓட்டப்பந்தயத்துக்குப் போகிறவர் மாதிரி ஷூ. "காலையில அஞ்சே முக்காலுக்கு ஒரு டம்ளர் தண்ணி. அவ்வளவுதான்னாங்க."

"தண்ணி வேற குடிச்சாளா!" டைம் கீப்பர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பதறாதீங்க. தண்ணி குடிக்கச் சொன்னதே நான்தான். நேத்து சாயங்காலம் போன் பண்ணிச் சொன்னேன்."

"ராத்திரி பன்னிரண்டுக்கு மேல பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படக் கூடாதுன்னு எல்லாரும்..."

"அது பழைய பேச்சு சார். வெறும் தண்ணி வயித்துல தங்காது. ரெண்டு மணி நேரம் போதும். சாப்பாடுன்னா ஆறு மணி நேரம். எண்ணெயில பொரிச்சது, கறின்னா எட்டு. பால் கலந்துட்டா அது எனக்குக் காபி இல்ல, சாப்பாடு."

"பாலும் தண்ணி மாதிரிதானே ஓடுது?"

"கப்புல ஓடும். வயித்துக்குள்ள போனா திரிஞ்சு கட்டி கட்டியா நிக்கும்."

டாக்டர் கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். டைம் கீப்பரும் போட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "பதினொண்ணு பத்து," என்றார்கள்.

"பெரிய டாக்டர் பன்னிரண்டு மணிக்கு விமானம் பிடிக்கக் கிளம்பறார். திரும்பி வர மூணு வாரம்," என்றார் டாக்டர். "பதினொண்ணு பத்துக்கு ஆரம்பிச்சா முடிச்சிடலாம். ஆனா அதுக்கு மேல அஞ்சு நிமிஷம் நகர்ந்தாலும் கஷ்டம். நீங்க கண்ணால பார்த்தீங்களா, அவங்க குடிச்சதை?"

"பார்க்கணுமா? எனக்கு ஒரு கப், அவளுக்கு ஒரு கப். எதிரும் புதிருமா உட்கார்ந்து குடிப்போம். இருபத்தாறு வருஷமா ஒரு நாள் தவறினதில்ல, டாக்டர். பஸ்ஸு லேட்டாகும். எங்க காபி லேட்டானதில்ல."

"இன்னைக்குப் பார்த்தீங்களா?"

"இன்னைக்கு... பேப்பர் கையில இருந்தது. விரிச்சு வெச்சிருந்தேன். மடிச்சப்போ ரெண்டு கப்பும் காலி."

டாக்டர் உள்ளே போய்விட்டார்.

ஆபரேஷன் அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த ஆயா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நடக்கிற எதுவும் அந்தம்மாள் காதுக்குத் தப்பாது.

"ஏன் சார், இங்க வர்றவங்க எல்லாம் தின்னுட்டுத் தின்னலைன்னு சொல்லுவாங்க. பொண்டாட்டி தின்னலைன்னு சொல்லியும் தின்னான்னு சாட்சி சொல்ற ஆளை இப்பத்தான் பார்க்கறேன்."

"உண்மையைத்தானேம்மா சொன்னேன்?"

"நல்லாச் சொன்னீங்க, போங்க."

டைம் கீப்பருக்கு ரோஷம் வந்தது. ஒருவேளை தான் தப்பாக நினைத்திருந்தால்? இன்றைக்கு ஒரே ஒரு கப்தான் போட்டிருந்தால்? வீட்டில் மச்சான் இருந்தான், கட்டுப் போட்ட காலோடு. போனைப் போட்டார். டாக்டர் மறுபடி வெளியே வரவும், அவரும் கேட்கட்டும் என்று போனைச் சத்தமாகப் பேசவிட்டு நீட்டினார்.

"மச்சான், பாத்திரம் கழுவற தொட்டியில எத்தனை காபி கப் கிடக்குன்னு பார்த்துச் சொல்லு."

"ஆபரேஷன் என்னாச்சு அத்தான்?"

"முதல்ல கப்பைச் சொல்லுடா!"

டொக், டொக் என்று ஊன்றுகோல் சத்தம் சமையலறை வரை போனது.

"ரெண்டு கிடக்கு அத்தான். ரெண்டும் காலி. ரெண்டுலயும் அடியில காபி ஒட்டிக்கிட்டிருக்கு."

டைம் கீப்பரின் முகம் வாடியது. அதோடு போனை வைத்திருக்கலாம்.

"வேற ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுத் தொலைத்தார்.

"மேடையில ஒரு பிஸ்கட் பாக்கெட் பிரிச்சுக் கிடக்கு. பாதி இல்ல."

டாக்டரின் புருவம் மேலே போனது. "பிஸ்கட்டா? எத்தனை மணிக்கு?"

"நேத்து ராத்திரி நான் பார்க்கறப்போ பாக்கெட் முழுசா இருந்ததே!" என்றார் டைம் கீப்பர். அதுவும் உண்மைதான். அந்த உண்மையையும் அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"அப்போ அதுக்கப்புறம் யாரோ சாப்பிட்டிருக்காங்க," என்றார் டாக்டர்.

ஆயா ஸ்டூலில் இருந்தபடியே, "போனைப் பிடுங்கி வைங்க டாக்டரம்மா. இல்லாட்டி மத்தியானச் சாப்பாட்டையும் அந்தம்மா வாயில திணிச்சிடுவார்," என்றார்.

டைம் கீப்பர் விடவில்லை. மனைவி வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவளைப் பார்த்த இன்னொருவர் எதிர் வீட்டு டீச்சர். நல்ல சாட்சி, பரீட்சை அறையில் எத்தனை பேரைப் பிடித்தவர்! பிஸ்கட் சாப்பிடவில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவருக்கும் அதேபோல் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி போன் போட்டார்.

"டீச்சர், இன்னைக்கு நாங்க கிளம்பறப்போ என் வீட்டுக்காரியைப் பார்த்தீங்கல்ல? அவ எதுவும் சாப்பிடலைதானே?"

"ஐயோ பாவம், சாப்பிடாம எப்படிப் போவா?" என்றார் டீச்சர் உற்சாகமாக. "வாசல்ல நின்னுக்கிட்டு வாயில எதையோ கடிச்சுக்கிட்டிருந்தா. நான் கையாட்டினேன். அவளால பேச முடியல, தலையை மட்டும் ஆட்டினா."

"எத்தனை மணிக்கு?" இதைக் கேட்டது டாக்டர்.

"ஆறு இருபது இருக்கும்."

பன்னிரண்டு இருபது. இந்தத் தடவை கணக்கை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. டைம் கீப்பர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். எட்டு மணி ஆபரேஷனைப் பதினொன்று பத்துக்கும், பதினொன்று பத்தைப் பன்னிரண்டு இருபதுக்கும் தள்ளிவிட்டு, கடைசியில் மூன்று வாரத்துக்கு அப்பால் கொண்டுபோய் விட்டாயிற்று. அரை மணி நேரத்தில் இவ்வளவு வேலை அவர் பணிமனையில்கூடச் செய்ததில்லை.

பெரிய டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். தடித்த மீசை, தடித்த குரல்.

"என்ன பிரச்சினை? பேஷண்ட் சாப்பிடலைன்னு சொல்றாங்கல்ல? ஆரம்பிச்சிடலாமே."

டைம் கீப்பர் எழுந்து ஓடினார். "நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன் டாக்டர்! என்ன ஆனாலும் என் பொறுப்புன்னு எழுதித் தர்றேன்!"

மயக்க மருந்து டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். அந்தச் சின்ன உருவம் திடீரென்று உயரமாகிவிட்ட மாதிரி இருந்தது.

"நீங்க எப்படி சார் பொறுப்பாவீங்க? நான் மருந்து குடுத்ததும் அவங்க மட்டும் தூங்க மாட்டாங்க. அவங்க தொண்டையும் தூங்கிடும். வயித்துல இருக்கிறது மேல வந்தா, இருமித் துப்ப முடியாது. நேரா நுரையீரலுக்குள்ள போகும். அப்போ உங்க கையெழுத்தை வெச்சு நான் என்ன பண்றது?" பேனாவை மூடினார். "நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

சொன்னார்.

"வழியில ஒரு வண்டி நிக்குதா இல்லையான்னு உங்களுக்குச் சந்தேகம். பின்னால வர்ற வண்டிக்கு 'போ'ன்னு சொல்லுவீங்களா?"

"மாட்டேன்."

"மேலதிகாரி வந்து சொன்னா?"

"மேலதிகாரியோட மாமனாரே வந்து சொன்னாலும் மாட்டேன்."

"நானும் அப்படித்தான்." பெரிய டாக்டரிடம் திரும்பி, "சார், எங்க கீறணும்னு நான் உங்களுக்குச் சொல்றதில்ல. எப்போ தூங்க வைக்கணும்னு நீங்க எனக்குச் சொல்லாதீங்க," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பெரிய டாக்டரின் மீசை இரண்டு பக்கமும் லேசாகத் தொங்கியது. அவர் அடுத்த நோயாளியைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

டைம் கீப்பர் அந்த நிமிடமே டாக்டரின் ரசிகராகிவிட்டார். ஆபரேஷன் போனாலும் போகட்டும், மனைவி இப்படிப்பட்ட கையில் இருக்கிறாள் என்று ஒரு மூலையில் நெஞ்சு நிம்மதிப்பட்டது. ஆனால் மறு மூலையில் அந்தச் சமையலறைத் தரை குளுகுளுவென்று விரிந்து கிடந்தது. இன்னும் மூன்று வாரம்.

எட்டரை மணிக்கு இரண்டு நிமிடம் மனைவியைப் பார்க்க விட்டார்கள். பச்சைத் துணி போர்த்தி, தலையில் தொப்பி மாட்டிப் படுத்திருந்தாள். பக்கத்தில் டம்ளரில் தண்ணீர்.

"மறுபடியும் தண்ணியா!"

"இன்னும் நேரம் கிடக்கு, தாகத்துல ஏன் காயறீங்க, ஒம்பது வரைக்கும் குடிக்கலாம்னு அந்த மயக்க டாக்டர் பொண்ணே கொண்டாந்து குடுத்தா. 'பட்டினி போடறது என் வேலை இல்லம்மா, பத்திரமாத் தூங்க வைக்கிறதுதான் என் வேலை'ன்னா. நல்ல பொண்ணுங்க."

டைம் கீப்பர் கட்டிலை ஒட்டிக் குனிந்தார். "இங்க பாரு. நான் கோவிச்சுக்க மாட்டேன். பழக்க தோஷத்துல குடிச்சிருந்தா குடிச்சேன்னு சொல்லிடு. இது உயிர் விஷயம்."

"நான் குடிக்கலைங்க."

"பிஸ்கட்?"

"தொடவே இல்ல."

"டீச்சர் பார்த்திருக்காங்க. வாசல்ல நின்னு எதையோ கடிச்சுக்கிட்டிருந்தியாம்."

"ஹேர்பின்னுங்க. கொண்டை போட்டுக்கிட்டிருந்தேன். பின்னைப் பல்லுல கடிச்சுக்கிட்டு எப்படிப் பேசறது?"

"சரி, அது போகட்டும். காபி? கப் ரெண்டும் காலியா இருக்கே!"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தாடியை மழிக்கக்கூட மறந்து வந்திருந்த அவருடைய முகத்தைப் பார்த்தாள். சொல்ல வந்ததை விட்டுவிட்டாள்.

"அந்த டாக்டர் பொண்ணு கெட்டிக்காரி. ஏதோ மிஷின் இருக்காம், அதை வெச்சு வயித்துக்குள்ளயே பார்த்துடறேன்னு சொல்லியிருக்கா. நீங்க யாருக்கும் போன் பண்ணாம இருந்தாப் போதும். முதல்ல போய் எதையாவது சாப்பிடுங்க."

"நீ பட்டினி கிடக்கறப்போ நான் சாப்பிடறதா?"

"உங்களைத் தெரியாதா எனக்கு? நீங்களா எதையும் கேட்டு வாங்கிச் சாப்பிட மாட்டீங்க. ஆயாகிட்டச் சொல்லியிருக்கேன், வாங்கித் தருவாங்க."

வெளியே வந்தால், ஆயா நிஜமாகவே ஒரு பன்னைக் காகிதத்தில் சுற்றி நாற்காலியில் வைத்திருந்தார்.

"உங்க வீட்டம்மா உத்தரவு. தின்னுங்க. உங்களுக்கு ஆபரேஷன் இல்ல. இப்போதைக்கு."

அந்த ஸ்கேன் மிஷின் அவசரப் பிரிவில் இருந்தது. காலையில் ஒரு விபத்து; அங்கே அதற்கு ஓயாத வேலை. டைம் கீப்பருக்கு உட்கார முடியவில்லை. அவசரப் பிரிவு வாசலுக்குப் போய் நின்றார். மிஷின் எத்தனை மணிக்குக் காலியாகும் என்று கேட்டார். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டார். ஆறாவது தடவை கேட்டபோது காவலாளி அவரைத் தோளைப் பிடித்துத் திருப்பி, ஆயாவிடம் கொண்டுவந்து ஒப்படைத்தார்.

"இவர் உங்க ஆளா?"

"என் ஆளு இல்ல. என் பொறுப்பு," என்றார் ஆயா.

பத்தே முக்காலுக்கு மிஷின் வந்தது. டாக்டரே தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். அந்த ஷூ எதற்கு என்று டைம் கீப்பருக்கு அப்போது புரிந்தது. கதவு மூடியது. பத்து ஐம்பத்தொன்று. ஐம்பத்திரண்டு. அவருடைய கடிகாரம் முதன்முதலாக அவருக்கே மெதுவாக ஓடியது. ஐம்பத்தேழுக்குக் கதவு திறந்தது.

"கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருக்கு சார்," என்றார் டாக்டர். முகமெல்லாம் சிரிப்பு. "படுக்க வெச்சும் பார்த்தேன், ஒருக்களிச்சும் பார்த்தேன். வயித்துல ஒண்ணுமே இல்ல. பிஸ்கட் இல்ல, பால் இல்ல. ஆரம்பிக்கறோம்."

டைம் கீப்பர் கையெடுத்துக் கும்பிட்டார். வாய் திறந்தும் பேச்சு வரவில்லை. வராததே நல்லது என்று ஆயா நினைத்திருக்க வேண்டும்.

பதினொன்று ஐம்பதுக்கு எல்லாம் முடிந்தது. பெரிய டாக்டர் கைப்பெட்டியோடு விறுவிறுவென்று போகும்போது, "எட்டுக் கல்லு. நல்லா இருக்காங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். பின்னாலேயே வந்த மயக்க மருந்து டாக்டர், "முழிச்சிட்டாங்க. முதல் வார்த்தையே 'அவர் சாப்பிட்டாரா'ன்னுதான்," என்றார்.

டைம் கீப்பருக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே மச்சானுக்குப் போன் போட்டார்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சது மச்சான்!"

"அப்பாடா! அத்தான், ஒண்ணு சொல்லணும். அந்த பிஸ்கட்டு... ராத்திரி பசிச்சுது. டாக்டர் கேக்கறப்போ சொல்ல வெக்கமா இருந்தது."

இன்னொரு நாளாக இருந்தால் உடைந்த காலோடு இன்னொரு காலும் போயிருக்கும். இன்று அவர் பெரிய மனசில் இருந்தார்.

"விடு. பிஸ்கட்டு நீ, ஹேர்பின்னு டீச்சர். ரெண்டும் முடிஞ்சது. காபிதான் எனக்கு இவ்வளவு நேரம் புரியல. இப்போ புரிஞ்சுபோச்சு. உங்கக்கா என்ன பண்ணியிருக்கா தெரியுமா? வழக்கம்போல ரெண்டு கப் போட்டிருக்கா. நான் தனியாக் குடிச்சா மனசு கஷ்டப்படுவேன்னு, தானும் குடிக்கிற மாதிரி எதிர்ல உட்கார்ந்துட்டு, நான் பேப்பர் பார்க்கறப்போ கொண்டுபோய்த் தொட்டியில கொட்டியிருக்கா! இருபத்தாறு வருஷப் பழக்கம்டா! ஒரு வார்த்தை பேசாம ஒரே நாள்ல விட்டுட்டா. எனக்கு யாராவது ஒரு நாள் காபி இல்லைன்னு சொன்னா பணிமனையில ஒரு வண்டி வெளிய போகாது. என்ன மனசு உங்கக்காவுக்கு!"

போனை வைத்துவிட்டு டீச்சரிடமும் சொன்னார். காவலாளியிடம் சொன்னார். மயக்க மருந்து டாக்டரை நிறுத்தி, "மேடம், உங்க மிஷினு வயித்தைத்தான் காட்டிச்சு, எனக்கு அவ மனசையே காட்டிடிச்சு," என்றார். டாக்டர் தலையசைத்துச் சிரித்தார். ஆயாகூட முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"இப்படி ஒரு தியாகத்தை நான் பார்த்ததில்ல," என்று டைம் கீப்பர் நாலாவது தடவை ஆரம்பித்தபோதுதான் மருமகள் மூச்சிரைக்க மாடிப்படி ஏறி வந்தாள். கல்யாணமாகி நாலு மாதம் ஆகிறது. ராத்திரி ஷிப்டு, விடிகாலை ஐந்து மணிக்கு வீட்டுக்கு வருகிறவள், இன்று கூடுதல் வேலையில் மாட்டிக்கொண்டு, போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, விஷயம் எதுவும் தெரியாமல் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள்.

அத்தை நலம் என்றதும் அவளுக்கு உயிர் வந்தது. மாமனார் விடவில்லை. அவளை உட்கார வைத்து, அஞ்சு பத்தில் தொடங்கி, தொட்டியில் கொட்டிய காபி வரைக்கும் ஒரு நிமிடம் பிசகாமல் சொல்லி முடித்தார். "இதுதாம்மா உங்க அத்தை. கத்துக்கோ."

மருமகள் அவரையும் ஆயாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அத்தை எங்க மாமா கொட்டினாங்க? அவங்களுக்குக் காபி வாசனையே ஆகாதே! ஒரு கப் உங்களுக்குப் பத்தாது, இன்னொண்ணு கேக்கவும் உங்களுக்கு வாய் வராதுன்னு, ரெண்டாவது கப்பையும் தினமும் நீங்க பேப்பர் படிக்கறப்போ உங்க கைப்பக்கம்தானே நகர்த்தி வெக்கிறாங்க!"